எக்ஸ்ரேயில் தெரிந்த பழைய முறிவு

மனைவிக்குப் பல்செட் வைப்பதற்காகக் நிக்கோபார் தீவின் கேம்பல் பேயிலிருந்து கப்பலில் போர்ட் பிளேர் போனோம். வழக்கமான எக்ஸ்ரேயைப் பார்த்த பல் டாக்டர், “ஆன்ட்டிஜி, தாடை எலும்பு எப்பவோ உடைஞ்சு கோணலா சேர்ந்திருக்கே, விழுந்தீங்களா?” என்று கேட்டார்.

“கப்பல் ஏறுற ஜெட்டிப் படியில வழுக்கிட்டேன்,” என்றாள் அவள்.

அவள் வழுக்கவில்லை. முப்பது வருடங்களுக்கு முன், சோறு தாமதமானதற்காக நான் அவள் தாடையில் குத்தினேன். முகம் வீங்கியும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவில்லை. அதன்பின் அவள் மெதுவாகச் சாப்பிடும்போதெல்லாம், “இன்னுமா மெல்லுற?” என்று கேலி வேறு செய்தேன்.

டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும், “ஏன் பொய் சொன்னே?” என்றேன்.

“நீங்க சொல்வீங்கன்னு கொஞ்ச நேரம் பாத்தேன். டாக்டரைக் காக்க வைக்க முடியுமா?”

இப்போது அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் எழுவதில்லை. எங்கள் மகளும் படியில் விழுந்த கதையைத்தான் நம்புகிறாள். இதை நான் எழுதி அனுப்பும் இந்தப் பத்திரிகை மகள் வீட்டுக்கும் வரும்.