நெசவாளி ஏன் சும்மா உட்கார்ந்திருந்தான்

எழுபதுகளின் நடுவில் நான் மொழியியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். செய்துகொண்டிருந்தேன் என்பது கொஞ்சம் அதிகம், குழம்பிக்கொண்டிருந்தேன். சென்னையில் இருந்த என் பேராசிரியருக்குச் செயல்பாட்டு மொழியியல் என்றால் பித்து. கதையில் வரும் வினைகளைப் பிரி என்பார்: ஒருவன் செய்வது, நினைப்பது, சொல்வது, வெறுமனே இருப்பது. செய்கிற வினைகள் யாரிடம் அதிகமோ, கதையில் அதிகாரம் அவனிடம். என் கட்டுரையை இரண்டு முறை திருப்பிக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை கொண்டுபோவதும் சரியில்லை என்றால் வேறு வழிகாட்டியைப் பார்த்துக்கொள் என்றும் சொல்லியிருந்தார்.

நான் எடுத்துக்கொண்டது வாரப் பத்திரிகையில் வந்த ஒரு சிறுகதை. காஞ்சிபுரத்து நெசவாளி ஒருவனின் ஒரு பகல். பார்த்தான், நினைத்தான், உட்கார்ந்திருந்தான், பெருமூச்சு விட்டான், அவ்வளவுதான். மூன்று பக்கத்தில் அவன் கையால் செய்த காரியம் காக்கைக்குச் சோறு வைத்தது மட்டும். வாழ்க்கை இவனை முடக்கிவிட்டது என்று பதினெட்டுப் பக்கம் எழுதினேன். எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அதைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டில் தறி நெய்கிறவன் அவன்தான். அறுந்த இழையை முடிந்துகொண்டே கேட்டான்.

"அந்தக் கதைல வாசல்ல கோலம் இருந்துச்சாணா?"

புரட்டிப் பார்த்தேன். கோலமில்லாத வாசல் என்று முதல் பத்தியிலேயே இருந்தது. அதை வறுமையின் அடையாளம் என்று எழுதி வைத்திருந்தேன்.

"கோலம் இல்ல, காக்காவுக்குச் சோறு வெக்கறான். அமாவாசைணா அது. அன்னிக்கு எவன் தறில குந்துவான்? லீவு உட்டுகினு இருக்கறவனப் போயி முடங்கிட்டான்றியே."

நெசவாளி வீட்டில் பிறந்த எனக்கு இது தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பேராசிரியரின் முறை தப்பா, நான் பார்த்த விதம் தப்பா? ஓய்வாக இருப்பவனும் ஒடிந்து போனவனும் ஒரே மாதிரிதானே உட்கார்ந்திருக்கிறார்கள். இரவுக்குள் எல்லாவற்றையும் மாற்றி எழுதிவிடலாம் என்று பட்டது.

"அப்ப அவன் நிம்மதியா இருக்கான்னு எழுதிடட்டுமா?"

"அது எனக்கு எப்பிடிணா தெரியும்? லீவுன்னா நிம்மதின்னு ஆயிடுமா?"

"நீயும்தானே அமாவாசைக்குச் சும்மா இருக்கே. உனக்கு எப்படி இருக்கும்?"

தம்பி இழையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

"நான் தறில குந்தி பன்னெண்டு வருசம் ஆவுதுணா. இப்பத்தான் கேக்கற. அதுவும் அந்தக் கதைக்காவ."

பதினெட்டுப் பக்கத்தையும் மடித்து வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். திங்கட்கிழமை சென்னைக்குப் போகவும் இல்லை.