காப்பகம் என்று எழுதச் சொன்னது நான்தான்

எனக்குப் புதுச்சேரியில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு ஏழரைக்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பசியோடு இருக்கிற மனிதரைக் காக்கவைத்தால் என்னென்ன பேச்சு வரும் என்பது ஊசி பிடித்தவர்களுக்குத்தான் தெரியும். அதனால் எங்கள் ஊர் மரக்காணத்தில் ஆறு பத்து பஸ்ஸை நான் பிடித்தே ஆக வேண்டும். மூன்றாவது படிக்கும் என் மகளுக்கோ பள்ளிக்கூடம் ஒன்பது மணிக்கு. கணவர் உப்பு லாரி ஓட்டுகிறார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். காலையில் மூன்று மணி நேரமும் சாயங்காலம் ஒன்றரை மணி நேரமும் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?

தேடாத இடமில்லை. அங்கன்வாடியில் சின்னப் பிள்ளைகளை மட்டும்தான் சேர்ப்பார்கள். புதுச்சேரியில் விசாரித்த இடங்களெல்லாம் எட்டு மணிக்குத்தான் திறக்கும் என்றார்கள். எட்டு மணிக்குள் நான் பத்துப் பேருக்கு ஊசி குத்தி முடித்திருப்பேன். பொம்மையார்பாளையம் பக்கம் ஒரு இடம் ஆறரைக்கே திறக்கும் என்று போய்ப் பார்த்தேன். ஒரே அறை, ஒரே கதவு, அதற்கும் வெளியே பூட்டு. லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டதற்கு, "நம்பிக்கை இருந்தா விடுங்க" என்றார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. பேர் ஒட்டாத ரத்தக் குப்பியையே நான் தொடமாட்டேன், பெற்ற பிள்ளையை விட்டுவிடுவேனா?

இதற்குள் அந்த மாதத்தில் மூன்று நாள் வேலைக்குத் தாமதமாகிவிட்டது. லேப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு, "அடுத்த மாசமும் இப்படின்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேம்மா" என்றார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

அப்போதுதான் மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு அக்காவைப் பற்றித் தெரிந்தது. முன்பு அங்கன்வாடியில் உதவியாளராக இருந்தவர். இரண்டு அறையும் ஒரு முற்றமும் உள்ள வீடு. உப்பளத்துக்கு விடியுமுன் போகிற பெண்கள் பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டுப் போவார்கள். என் மகளோடு பதினோரு பேர். தலை வாராத பிள்ளை அந்த வாசலைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போக முடியாது. அக்காவிடம் எல்லாம் இருந்தது, லைசென்ஸைத் தவிர.

"எடுத்துடலாங்க்கா, நான் எழுதறேன்" என்றேன்.

"எழுது. ஆனா டே கேர்னு போடும்மா. எல்லாருக்கும் புரியும்."

நான்தான் கேட்கவில்லை. நல்ல தமிழ் வார்த்தை இருக்கும்போது எதற்கு அது என்று ஒரு பிரசங்கமே செய்தேன். குழந்தைகள் காப்பகம் என்று அழகாக மனு எழுதினேன். பலகை எழுதுகிறவரிடமும் அதையே சொன்னேன். நீல நிறத்தில் பெரிய எழுத்தாக எழுதி மாட்டினோம். என் தமிழை நானே இரண்டு முறை தள்ளி நின்று பார்த்துக்கொண்டேன்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டு வாசலில் கார் ஒன்று வந்து நின்றிருக்கிறது. யாரோ ஒருவருக்குப் பிறந்தநாள். பிரியாணி அண்டா, கேக், படமெடுக்க ஆள், ஒரு மூட்டை பழைய துணி. பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துப் பரிமாறியிருக்கிறார்கள். அக்கா கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் பாதி சாப்பாடு முடிந்துவிட்டது. ஊரில் காப்பகம் என்றால் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் இருக்கும் இடம். அது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். எழுதும்போது மட்டும் தோன்றவில்லை.

என் மகள் யாருடையதோ ஒரு ரோஸ் கவுனை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"எங்க யாருக்கும் அம்மா இல்லன்னு அந்த அங்கிள் சொன்னாரும்மா. எனக்கு இருக்குதுன்னு சொன்னேன். பாவம்னு சொல்லி இன்னொரு பீஸ் வெச்சாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். திங்கட்கிழமை கணவர் டோல்கேட்டிலிருந்து போன் செய்தார். "ஏம்மா, பொண்ணைக் காப்பகத்துல சேத்துட்டியாமே? லாரி ஸ்டாண்டுல என்னைப் பாத்துத் துக்கம் விசாரிக்கிறானுங்க." நான் விளக்கிச் சொல்ல, அந்த ஆள் வண்டியை ஓரம் கட்டிச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

சிரிக்கிற விஷயமாக அது முடிந்திருக்கலாம். ஆனால் என் மனுவும் அதே வார்த்தையைச் சுமந்துகொண்டு, ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லங்களைப் பார்க்கிற பிரிவுக்குப் போயிருந்தது. பதிவில்லாத இல்லம் ஒன்றில் பதினோரு பிள்ளைகளை வைத்திருக்கிறார்கள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் சாயங்காலம் ஐந்தரைக்கு நான் பஸ்ஸிலிருந்து இறங்கி அக்கா வீட்டுக்குள் நுழையும்போது, கையில் பதிவேட்டோடு ஒரு அதிகாரி அம்மா நின்றிருந்தார். தேவைப்பட்டால் பிள்ளைகளை அழைத்துப்போக வெளியே ஒரு வேனும் நின்றது.

அதிகாரி ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். உப்பளத்துப் பெண் ஒருத்தியின் மகன் முதலில் நின்றான்.

"உங்க அம்மா எங்கப்பா?"

"வூட்ல இருக்குது. நான் காலைல மட்டுந்தான் இங்க. இப்போ சுண்டலுக்கு வந்தேன்."

அதிகாரி பேனாவை எடுத்தவர் எழுதவில்லை. அடுத்தவள், அப்பா வலை பிரிச்சிட்டு ஆறு மணிக்கு வருவாரு என்றாள். அதற்கடுத்தவள், அம்மா துணிக்கடையில, ஏழு மணிக்கு வரும் என்றாள். அத்தனை பேருக்கும் ஒரு அம்மாவோ அப்பாவோ இருந்தார்கள், அவர்கள் வருவதற்கு ஒரு நேரமும் இருந்தது. கடைசியில் என் மகள்.

"உங்க அப்பா அம்மா எங்கம்மா?"

"அப்பா லாரியில. அம்மா உங்க பின்னாடி நிக்குது."

அதிகாரி திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். "யாரு இந்தப் பேரை வெச்சது?" என்று கேட்டார். அக்கா என்னைக் காட்டிக்கொடுத்தார். கொஞ்சமும் தயங்கவில்லை.

அந்த அம்மா நல்லவர்தான், ஆனால் கறார். "இன்னைக்கே பலகையை எறக்குங்க. மனுவை மாத்தி எழுதுங்க. கட்டடம், தீ, சுகாதாரம், மூணு சான்றும் மாசக் கடைசிக்குள்ள வரணும். வரலன்னா மூடிடணும்" என்றார். வேன் காலியாகத் திரும்பிப் போனது. எனக்கு இருந்தது பத்தொன்பது நாள். அக்கா வீடு மூடினால் நான் லேபுக்குப் போக முடியாது, அவ்வளவுதான்.

நான் சண்டைக்காரி என்று வீட்டில் ஒரு பேர் உண்டு. அந்தப் பத்தொன்பது நாளும் அது நன்றாகவே உதவியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் போட்டு ஒவ்வொரு அலுவலகமாக நச்சரித்தேன். இரண்டாவது வாசல் வேண்டும் என்றார்கள். பின்பக்க ஜன்னலை இடித்துக் கதவாக்கினோம். உப்பளத்துப் பெண்கள் வேலை முடிந்து வந்து, காலில் உப்பு காயும் முன்பே செங்கல் தூக்கினார்கள். என் கணவர் ஒரு நடையை விட்டுவிட்டு வந்து கதவு மாட்டினார். மாட்டும்போதும் சிரித்துக்கொண்டேதான் இருந்தார், இந்த முறை விட்டுவிட்டேன்.

மனுவை எழுத மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது. அழகான வார்த்தை எதையும் கிட்டே சேர்க்கவில்லை. பள்ளிக்கு முன்னும் பின்னும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் என்று எழுதினேன். அதற்குக் கீழே, எல்லாப் பிள்ளைகளும் ராத்திரி தங்கள் வீட்டில்தான் தூங்குகிறார்கள் என்று எழுதினேன். அக்கா படித்துவிட்டு, "இதுதாம்மா தமிழ்" என்றார். மூன்று சான்றையும் சேர்த்து, கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது கொடுத்துவிட்டோம்.

மூன்று வாரம் கழித்து, வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். அக்கா போன் செய்தார். "வந்துடுச்சு. இருபது புள்ளைங்களுக்கு. சீல் வெச்சுக் குடுத்துட்டாங்க" என்றார். அந்த மாதம் நான் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போயிருக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், வெட்கமில்லாமல் அப்படியே நினைத்தேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. பக்கத்தில் கடை யூனிஃபார்மில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், முன்பின் தெரியாதவள். அவளிடம் சொன்னேன்.

"எங்க புள்ளைங்களை விடற இடத்துக்கு லைசென்ஸ் வந்துடுச்சுங்க. மரக்காணத்துல."

அவள் வாழ்த்தெல்லாம் சொல்லவில்லை. என் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"எத்தனை மணிக்குத் தொறப்பாங்க?" என்று கேட்டாள்.

"நாலரைக்கு."

பஸ் அனுமந்தையைத் தாண்டியது. அவள் அங்கேதான் இறங்க வேண்டியவள் என்று பிறகு தெரிந்தது. என்னோடு மரக்காணம் வரை வந்து, அக்கா வீட்டு வாசல் கதவையும் பின்கதவையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, தன் மகளுடைய பேரை எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் போனாள்.