என் மூடி ஒழுகவில்லை

என் தொழில் பேரைக் கெடுத்தவர் என் சம்பந்தி நஞ்சப்பன். கொள்ளேகாலில் பட்டு வியாபாரம் செய்தவர், என் மருமகள் கவிதாவின் அப்பா. பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மூடி போடுவது ஒரு தொழிலா என்று சிரிப்பவர்கள், லீவு விட்ட இரண்டு பிள்ளைகளை நடுவீட்டில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டிலை மூடிவிட்டு வந்து சிரிக்கட்டும்.

நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். மைசூரில் முப்பத்தைந்து வருஷம் வீடுகளுக்குக் குழாய் போட்டேன். முழங்கால் போனபிறகு வீட்டோடு இருக்கிறேன். கவிதா ஃபோனில் பார்த்து, ஒவ்வொரு பண்டிகை லீவுக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு பாட்டில் செய்வாள். வெந்நீரில் கண்ணாடிப் பசையைக் கரைத்து, ஜிகினாவும் மணியும் போட்டு மூடிவிட வேண்டும். குலுக்கினால் ஜிகினா மெதுவாக இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகள் ஃபோன் கேட்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அவள் அதைச் சென்சரி பாட்டில் என்பாள். நான் குலுக்குப் பாட்டில் என்பேன். பேத்தி ஸ்ருதிக்கு ஏழு வயது, பேரன் நிதினுக்கு நாலு. கலர் கலப்பது அவர்கள் வேலை, மூடி போடுவது என் வேலை. இந்த வீட்டில் எனக்கென்று இருந்ததே அது ஒன்றுதான். பேரப்பிள்ளைகளோடு லீவில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

தசராவும் கல்யாணப் பட்டும்

தசராவுக்கு மஞ்சள் தண்ணீர், தங்க ஜிகினா. ஸ்ருதி பொருட்காட்சியில் வாங்கிய சுண்டுவிரல் நீள யானை ஒன்றை உள்ளே போடச் சொல்லி அழுதாள். அந்தத் தங்கப் பூச்சைப் பார்த்தாலே இரண்டு நாளில் உரிந்துவிடும் என்று தெரிந்தது. யானை கிடையாது என்று சொல்லிவிட்டேன். குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டேப்பை, மூடி திரும்பும் பக்கமாகவே நாலு சுற்று சுற்றி இறுக்கினேன். கவிழ்த்துப் பிடித்து நூறு எண்ணினேன். ஒரு சொட்டு இல்லை. கொலுவுக்கு வந்து தங்கியிருந்த சம்பந்தி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் கொலுவில் நிதின் பாட்டிலைக் குலுக்கிவிட்டுப் படியில் படுக்கவைத்துவிட்டுப் போனான். அந்தப் படியில் விரித்திருந்தது கவிதாவின் பச்சைக் கல்யாணப் பட்டு, சம்பந்தி தன் கையால் எடுத்துக் கொடுத்தது. மஞ்சள் தண்ணீர் முழுவதும் அதில் இறங்கி, ஜிகினா ஒட்டிக்கொண்டது. கவிதா அழுதாள். பாட்டில் குப்பைக்குப் போனது. ஒழுகல் என்றால் முதலில் ஒழுகின இடத்தைப் பார்க்க வேண்டும், என் தொழிலின் முதல் பாடம் அது. ஆனால் எனக்கு வந்த கோபத்தில் நான் அந்தப் பாட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குக் காரணம், சம்பந்தி எல்லார் முன்னாலும் கேட்டது: "ஏனுங்க சம்பந்தி, ஊர்ல இருக்கிற வீட்டுக்கெல்லாம் குழாய் போட்டது இந்தக் கைதானுங்களா?"

அரிசி டப்பாவில் மூடிகள்

அதன்பிறகு மூடிகள் வைத்திருந்த தகர டப்பாவைக் காணவில்லை. கேட்டால், "இங்கதான் மாமா எங்கயோ இருக்கும்" என்றாள் கவிதா. எனக்குச் சந்தேகம் தட்டியது. எல்லாரும் வெளியே போன நேரம் பார்த்து அலமாரி, கட்டிலுக்கு அடி, பரண் எல்லாம் தேடினேன். கடைசியில் அரிசி டப்பாவுக்குள் கைவிட்டால், அரிசிக்கு நடுவே மூடிகள். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த நிதின் தண்ணீர் குடிக்க வந்தவன், என் கையைப் பார்த்துவிட்டான். அவனுக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் சுலபமாக வரும், வேண்டாம் என்பதற்குப் பேடா என்பான். விரலை உதட்டில் வைத்துக்கொண்டு சொன்னான்: "பேடா தாத்தா, அம்மா வைவாங்க. நீ மூடி தொடக் கூடாதாம்."

தீபாவளி, வயிறு ஒட்டிய பாட்டில்

தீபாவளிக்குச் சம்பந்தி வேட்டி துண்டோடு, பசையைச் சூடாக்கி உமிழும் துப்பாக்கி ஒன்றும் வாங்கிவந்தார். இனி மூடி அவர் பொறுப்பாம். மத்தாப்பு மாதிரி வெள்ளி ஜிகினாவும் சிவப்பு மணியும் போட்டார்கள். தண்ணீர் நல்ல சூட்டில் இருக்கும்போதே மூடியை வைத்து, சுற்றிலும் பசையை ஊற்றி அடைத்துவிட்டார். சூட்டோடு மூடினால் ஆறும்போது பாட்டில் உள்ளே இழுத்துக்கொள்ளும். நான் எப்போதும் ஆறவிட்டுத்தான் மூடுவேன். இது தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லையே.

மத்தியானம் பார்த்தால் பாட்டில் நெளிந்து, நடுவில் ஒட்டிப்போய் நின்றது. குலுக்கினால் ஜிகினா ஒரு பக்கமாகவே சுற்றியது. சம்பந்தி அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, இந்த ஊர் பாட்டிலே மட்டம் என்று பழியைப் பாட்டில்மேல் போட்டார். என் மூடிக்கு ஒரு நியாயம், அவர் மூடிக்கு ஒரு நியாயம். ஸ்ருதி மட்டும் பாட்டிலைத் தடவிக்கொடுத்துச் சொன்னாள்: "கொள்ளேகால் தாத்தா பாட்டிலுக்குச் சோறே போடல போல, வயிறு ஒட்டிப்போச்சு!"

ஸ்டெல்லா கொண்டுபோன நட்சத்திரம்

டிசம்பரில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா வந்து, கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிறேன், அக்கா பிள்ளைக்கு ஒரு பாட்டில் வேண்டும், நீங்களே மூடிக் கொடுங்கள் என்றாள். என் மூடிமேல் ஊரே சிரித்தபிறகு இவளுக்கு மட்டும் என்ன நம்பிக்கை? அவள் ஊர் மார்டள்ளி. அதற்குக் கொள்ளேகால் வழியாகத்தான் பஸ் போகும். சம்பந்தி ஏற்பாடு செய்து அனுப்பிய ஆளோ என்று யோசித்தேன். இருந்தாலும் கை கேட்கவில்லை. பிள்ளைகள் வெள்ளை மணியும் நீல ஜிகினாவும் சின்ன நட்சத்திரமும் போட்டார்கள். நான் ஆறவிட்டு, டேப் சுற்றி, இறுக்கி, ஒரு நாள் முழுவதும் பழைய பேப்பர்மேல் கவிழ்த்து வைத்தேன். பேப்பர் காய்ந்தே இருந்தது. கவிதா வந்து பேப்பரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஊரிலிருந்து திரும்பி வந்த ஸ்டெல்லா, குடிலைக் காட்டுகிறேன் என்று ஃபோனில் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். கைதவறி, தசராவுக்கு வந்தபோது அவள் எடுத்திருந்த எங்கள் வீட்டுக் கொலுப் படத்துக்கு வந்துவிட்டாள். நிறுத்தச் சொன்னேன். பெரிதாக்கச் சொன்னேன். படியில் அந்த மஞ்சள் பாட்டில். உள்ளே, தங்க ஜிகினாவுக்கு நடுவில், யானை. நான் போடாத யானை. மூடியைத் திறக்காமல் யானை எப்படி உள்ளே போகும்? திறந்தவன் டேப்பைக் கசக்கிவிட்டு அப்படியே மூடியிருக்கிறான். அதுதான் ஒழுகியிருக்கிறது. என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோன ஸ்டெல்லா, தன் பாட்டிலைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு சொன்னாள்: "கவலப்படாதீங்கண்ணா, அந்தப் பஸ்ஸு குலுக்கின குலுக்குல என் தேங்கா எண்ணெ ஒழுகிச்சு, ஊறுகா ஒழுகிச்சு, உங்க பாட்டில் மட்டும் ஒழுகவே இல்ல."

ஸ்ருதியிடம் விசாரணை

அன்று சாயங்காலமே ஸ்ருதியைக் கூப்பிட்டேன். யானையை யார் போட்டது? "கொள்ளேகால் தாத்தா. நான் அழுதேன்ல, அதான் திறந்து போட்டாரு." புடவை பாழானது, அம்மா அழுதாள், என் வேலை போனது, இத்தனை நடந்தும் ஏனம்மா நீ சொல்லவில்லை என்றேன். அவள் ஹோம்வொர்க் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "யாருமே என்னைக் கேக்கலையே தாத்தா."

எள்ளும் வெல்லமும்

சங்கராந்திக்குச் சம்பந்தி வரும்வரை பொறுத்திருந்தேன். ஸ்டெல்லாவிடம் அந்தப் படத்தை என் ஃபோனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிவைத்தேன். கவிதாவிடம் விஷயத்தைச் சொன்னதில் அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மூடி டப்பாவைக் கொண்டுவந்து என் கட்டில்மேல் வைத்தாள். பண்டிகைக்குத் தண்ணீரே இல்லாத பாட்டில் என்று முடிவும் செய்தாள். எள், கடலை, கொப்பரைத் துண்டு, வெல்லக் கட்டி, சர்க்கரை அச்சு, எல்லாம் உலர்ந்த சாமான். "இதுல ஒழுகறதுக்கு ஒண்ணுமே இல்ல. ரெண்டு பேரும் பேசாம இருங்க" என்று எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னாள்.

நான் பேசாமல் இருக்கவில்லை. பாட்டிலை மூடிவிட்டு, சம்பந்திக்கு எதிரே உட்கார்ந்து படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றித் துடைத்துவிட்டும் பார்த்தார். கவிதா சமையலறை வாசலில் வந்து நின்றாள். என் மூடியில் குறையில்லை என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான் நான் கேட்டது. அதையும் தனியாகக் கேட்கவில்லை, எல்லார் முன்னாலும் சொன்ன பழியை எல்லார் முன்னாலும் எடுக்கச் சொன்னேன். சம்பந்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "புள்ள அழுதுது, நான் திறந்தது வாஸ்தவந்தானுங்க. ஆனா சம்பந்தி, நல்ல மூடியா இருந்தா என் கையில திறந்திருக்குமுங்களா?"

சங்கராந்தியன்று எள்ளும் வெல்லமும் வாங்கித் தின்றவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வரவேண்டும் என்பது இந்த ஊர் வழக்கம். சம்பந்தி இரண்டு கை நிறைய வாங்கித் தின்றுவிட்டு பஸ் ஏறிவிட்டார், எனக்கு வரவேண்டிய வார்த்தை மட்டும் இன்னும் வரவில்லை.