பத்துக்கு எத்தனை வலி?

விளையாட்டுக் காயங்களுக்குச் சிகிச்சை தரும் கிளினிக்குக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே புத்திமதி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள் என்பதுதான். நான் கூட்டிக்கொண்டு போனேன், அனுபவித்தேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயத்துக்குக் கீழே போகும் கல் ரோட்டில்தான் ஓடிப் பழகினேன். மாகாணப் போட்டியில் ஐயாயிரம் மீற்றர் ஓடத் தேர்வாகியிருந்தேன். என் வயதுப் பிரிவில் அதுதான் கடைசி வருடம். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, மழையில் குழி விழுந்திருந்த அந்த ரோட்டில் வலது கால் பிரண்டுவிட்டது. அம்மா சும்மா இருப்பாரா? மேல் லயத்திலிருந்து சுளுக்கு எடுப்பவரைக் கூட்டி வந்தார். அவர் எண்ணெய் போட்டு இழுத்த இழுப்பில் வீக்கம் இரண்டு மடங்கானது.

பயிற்சி கொடுத்த சேர் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார். பதுளையில் ஒரு கிளினிக் இருக்கிறது, ஓடலாம் என்று அங்கே கடிதம் வாங்கி வந்தால் ஓடலாம், இல்லாவிட்டால் பட்டியலில் பெயர் இருக்காது. அந்தக் கடிதத்தை எப்படியாவது வாங்கிவிடுவது என்று நான் பஸ் ஏறினேன். கொழுந்து பறிக்கும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அம்மாவும் ஏறினார்.

டவுனுக்குப் போவதென்றால் எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கே போனாலும் கல்யாண வீட்டுக்குப் போவது போலத்தான் போவோம். தீபாவளிக்கு எடுத்த சுடிதாரைப் போடச் சொன்னார் அம்மா. கால் பக்கம் ஒட்டிப் பிடிக்கிற இறுக்கமான சுடிதார். ஓடும் சப்பாத்தைப் பையில் வைத்தேன். எடுத்து வெளியே வீசினார்.

"சேறு புடிச்ச சப்பாத்த டாக்டர் மூஞ்சிக்கு முன்னால நீட்டுவியா? மானம் போயிரும்."

எண்ணெய் வாசம் தெரியாமல் இருக்க என் கணுக்காலைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, பவுடரும் பூசினார். "சுளுக்கு எடுத்தத சொல்லிறாத. ஏசுவாங்க."

கிளினிக்கில் முதலில் ஒரு படிவம் தந்தார்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. நம் மாகாணத்தில் இத்தனை தமிழர்கள் இருக்கிறோம், நமக்கு மட்டும் கால் பிரளாது என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. எனக்குத் தெரிந்த சிங்களத்தை வைத்து நிரப்பிக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள்.

சிகிச்சை தருபவர் ஓர் இளம் பெண். சிங்களவர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசினார். அவர் முதலில் கேட்டதே, "தங்கச்சி, ஓடுற சப்பாத்து கொண்டு வந்தீங்களா?" என்றுதான். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து, சுடிதாரைத் தொடை வரைக்கும் சுருட்டச் சொன்னார். நடக்கிற காரியமா? முழங்காலுக்குக் கீழேயே சிக்கிக்கொண்டது. வலி கணுக்காலில், இவருக்கு இடுப்பு வரைக்கும் பார்க்க வேண்டுமாம். கடைசியில் அவர்களே ஓர் அரைக்காற்சட்டை கொடுத்தார்கள். என்னைப் போல இரண்டு பேர் அதற்குள் நுழையலாம். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் ஏறினேன். கணுக்காலைத் தொட்டவர் விரலை முகர்ந்து பார்த்தார்.

"எண்ணெய் போட்டு இழுத்தாங்களா?"

"இல்லைங்க, பவுடர் வாசம்," என்றார் அம்மா. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. வலியே இல்லையென்றால் பூச்சியம், தாங்கவே முடியாதென்றால் பத்து. உங்கள் வலி எத்தனை?

பஸ்ஸில் வரும்போதே என்ன சொல்வதென்று தீர்மானித்திருந்தேன். "ரெண்டு மிஸ்."

"பத்துங்க!" என்றார் அம்மா. "ராத்திரியெல்லாம் தூங்கல டாக்டரம்மா. பாத்ரூமுக்குக்கூட நான்தான் தூக்கிட்டுப் போறேன்."

எல்லாம் பச்சைப் பொய். நான் நன்றாகத்தான் தூங்கினேன். என்னை ஓடவிடாமல் செய்யத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பொம்பளைப் பிள்ளை ரோட்டில் ஓடுவது அவருக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. அந்த நிமிடம் அம்மாவை நான் வெறுத்தேன், மறைக்க ஒன்றுமில்லை.

மிஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க," என்றார். கதவு மூடியதும், "தங்கச்சி, வலது கால்ல மட்டும் நின்னு பத்துத் தரம் குதிங்க," என்றார்.

மூன்றாவது குதியில் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இப்ப சொல்லுங்க. எத்தனை?"

"ஏழு," என்றேன். சுளுக்கு எடுத்ததையும் சொல்லிவிட்டேன்.

தசைநார் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, இழுத்ததில் இன்னும் மோசமாகியிருக்கிறது என்றார். ஆறு வாரத்துக்கு ஓடக்கூடாது. இப்போது ஓடினால் பிறகு எப்போதுமே சரியாக ஓட முடியாமல் போகலாம். ஐஸ் வைப்பது எப்படி, துணியைப் பாதத்தில் மாட்டி இழுத்துப் பயிற்சி செய்வது எப்படி என்றெல்லாம் காட்டினார். பொறுமையாகத்தான் காட்டினார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. என் ஓட்டம் முடிந்துவிட்டது.

வெளியே அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். வீடு போய்ச் சேரும்வரை ஏசுவதற்கு வேண்டிய அளவு என்னிடம் இருந்தது.

"என்னாடி சொன்ன உள்ள?"

"ஏழுன்னு சொன்னேன்."

"அட லூசு! ஏழுன்னா யாரு கணக்கெடுப்பா?" என்று அம்மா தலையில் கை வைத்தார். "நோவு கொஞ்சம்னு சொன்னா மாத்திரைய குடுத்து மலைக்கு கொழுந்தெடுக்கத்தான் வெரட்டுவாங்க. நம்ம தோட்டத்து டிஸ்பென்சரில நிக்க முடியலன்னு அழுதாத்தான் ஒரு நாளைக்கு லீவுத் துண்டு எழுதுவாங்க. உனக்கு நல்ல மருந்தா குடுக்கட்டும்னுதானே பத்து சொன்னேன். ஏழு நோவோட நான் தெனம் கொழுந்து எடுக்குறேன்டி."

"ஆறு வாரம் ஓடக்கூடாதாம்," என்றேன். "சும்மா இருக்கணுமாம்."

அம்மா என் காலைப் பார்த்தார். பிறகு மூடியிருந்த அந்தக் கதவைப் பார்த்தார்.

"ஏழுக்கே ஆறு வாரமா?"

அந்த முகத்தில் இருந்தது பொறாமை. என்னைப் பார்த்து அம்மா பொறாமைப்பட்டதை அன்றுதான் முதல்முறையாகக் கண்டேன். ஓட்டம் போன கோபம் எனக்குப் போகவில்லை, ஆனால் அதை அவரிடம் காட்ட மனம் வரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் ஏற்றத்தில் என் தோளுக்குக் கீழே கை கொடுத்துத் தாங்கிக்கொண்டே, இரண்டு இடத்தில் நின்று தன் முழங்காலைத் தேய்த்துவிட்டு நடந்தார்.