பள்ளிக்கூடத்துப் புட்டியில் மழை இல்லை

மழையை அளக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தேன். அதனால் ஒரு குடும்பம் தோட்டத்தை விட்டுப் போனது. வாத்தியார் வேலையில் கிழவனானவன் முதலில் எழுதவேண்டியது இதைத்தான். பெருமைக் கதைகளை மற்றவர்கள் எழுதட்டும்.

1. புட்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில், சுங்காய் ஊருக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். ஒரே வாத்தியார், முப்பது பிள்ளைகள், தகரக் கூரை. மழை வந்தால் வாய்ப்பாடு யார் காதிலும் விழாது. கத்தித் தொண்டை கட்டிக்கொள்வதைவிட மழையையே பாடமாக்கிவிடலாம் என்று தோன்றியது.

மூங்கில் குச்சியில் கோழி இறகைச் செருகிக் காற்று வரும் திசை பார்த்தோம். துணியில் உப்பை முடிந்து தொங்கவிட்டோம். உப்பு கசிந்தால் போதும், "மழ வருது, மழ வருது" என்று வகுப்பே கூத்தாடும். வாசலில் ஒரு புட்டியை நட்டு, தகரப் புனல் வைத்து, நூல் கட்டி அளவு குறித்தோம். தினமும் காலையில் அளந்து நோட்டில் எழுதுவது பாக்கியத்தின் வேலை. பத்து வயசு. அரை நூல் தப்பினாலும் விடமாட்டாள்.

ஒருநாள் அவள் கேட்டாள்: "வாத்தியாரய்யா, மேமலையில ஒரு புட்டி வைக்கலாங்களா? எங்க ஆத்தா அங்கதான் பால் வெட்டுது. அங்க பேயிற மழ இங்க வர்றதில்லீங்க."

"அவ்வளவு தூரம் யாரு ஏறி அளக்கிறது? நீ ஏறுவியா?"

"ஏறுவேங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அந்த வாரமே தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை பள்ளிக்கூடம் பார்க்க வந்தார். புட்டியைக் காட்டி, "இந்தத் தோட்டத்து மழை மொத்தமும் இதில இருக்குதுங்க, தொரை" என்று பீற்றிக்கொண்டேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயசு. வாய்க்கொழுப்புக்குக் குறைவில்லை.

2. தொரை கேட்ட கேள்வி

ரப்பர்ப் பால்மரம் ஈரமாக இருந்தால் வெட்டக்கூடாது. பால் மங்குக் கிண்ணத்தில் விழாமல் பட்டை முழுக்க வழிந்து வீணாகும். இது தோட்டத்தில் கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஒரு காலை, பாக்கியத்தின் தாய் அஞ்சலை மேமலைக்குப் போனவள், "மரமெல்லாம் ஈரம்" என்று வாளியோடு திரும்பி இறங்கிவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் ஆறு பெண்கள் இறங்கினார்கள். தொரை பங்களாவிலோ தரை காய்ந்து கிடந்தது. அவருக்கு என் புட்டி ஞாபகம் வந்துவிட்டது. அஞ்சலையை நடத்திக் கூட்டிக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"வாத்தியார்! இன்னிக்கி மழை இருக்கா, இல்லையா? புட்டி பாத்துச் சொல்லு."

அஞ்சலை பயப்படவில்லை. "தொரை, புட்டிய எதுக்குங்க கேக்குறீங்க? மேல வந்து மரத்தத் தொட்டுப் பாருங்க, கை நனையும். வாத்தியாரே, நீங்களாச்சும் சொல்லுங்களேன்."

மேமலைக்கு ஏற அரை மணி நேரம் ஆகும். வெயில் ஏறுவதற்குள் போயிருந்தால் பட்டை ஈரம் தெரிந்திருக்கும். போகலாம் என்று நான் சொல்லவில்லை. போன வாரம் பீற்றியவன் இப்போது எந்த வாயால் மாற்றிப் பேசுவது? வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு. பாக்கியத்தின் நோட்டைத் திறந்து, "மழை இல்லீங்க, தொரை" என்றேன்.

"வாத்தியாரய்யா, அது இங்கதானே..." என்று பாக்கியம் எழுந்தாள்.

"உக்காரு!" என்று அதட்டினேன்.

அஞ்சலை என்னைப் பார்த்துச் சொன்னது ஒன்றுதான். "படிச்சவரு, நல்லா இருங்க."

பொய் சொன்னாள், மற்றவர்களையும் கெடுத்தாள் என்று அன்றைக்கே அவளுக்குக் கணக்கு முடித்து வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் தாயும் மகளும் மூட்டையோடு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்கள். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

3. நோட்டு

தொரை என்னை மெச்சி, ஈப்போவிலிருந்து பித்தளை மழைமானி ஒன்று வரவழைத்துக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து ஒரு விடியலில், பழைய புட்டியை எடுத்துக்கொண்டு மேமலை ஏறினேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. சொட்டச் சொட்ட நனைந்தேன். இறங்கி வந்து பார்த்தால் பித்தளை மானியில் ஒரு சொட்டு இல்லை. நடு வாசலில் நின்று அழுதேன். அழுது என்ன பயன்? அவர்கள் தஞ்சோங் மாலிம் பக்கம் ஒரு தோட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். ரயிலில் அரைநாள்கூட ஆகாது. ஆனாலும் நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்றைய தேதிக்குக் கீழே பாக்கியம் மூன்று வரி எழுதியிருக்கிறாள்:

"புட்டியில் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் மழை இல்லை. மேமலையில் தெரியாது."

மூன்று வரியையும் நான் அன்றைக்கே பார்த்தேன். தொரைக்கு நடு வரியை மட்டும் சொன்னேன், அதிலும் "பள்ளிக்கூடத்தில்" என்பதை விட்டுவிட்டு.

வாத்தியார் வேலைக்கு வரும் தம்பி தங்கைகளே, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். நான் சொல்லியிருந்தால், மறுநாள் காலையும் பாக்கியம் வந்து புட்டியை அளந்திருப்பாள்.