காற்றை இறக்கிய பகல்

வலது வரிசையின் கடைசிச் சக்கரத்தின் முன் குந்தியிருக்கிறார் பூதத்தான். வால்வின் மூடியைக் கழற்றிப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு, காற்றுமானியை அழுத்துகிறார். முள் நின்ற இடத்தைப் பார்த்த பின் காதில் செருகிய பென்சிலை எடுத்து நோட்டில் குறிக்கிறார். பேட்டைத் தொழிற்கூடங்களின் மதில்மேல் வெயில் இன்னும் ஏறவில்லை. ஏறிவிட்டால் அன்றைக்கு எவரும் வால்வைத் தொடக்கூடாது என்பது அவர் விதி. புதிய ஓட்டுநர் பெருமாள்ராஜ் ஒருநாள் நண்பகலில் மூடியைத் திருகப் போனான். பூதத்தான் ஓடிவந்து அவன் மணிக்கட்டைப் பிடித்த வேகத்தில் கைக்கடிகாரத்தின் கண்ணாடி விரிசல்விட்டுப் போயிற்று. அதற்காக மன்னிப்புக் கேட்டார், பிடித்ததற்குக் கேட்கவில்லை.

அவர் காவல் காக்கும் வண்டி, பாளையங்கோட்டை அறக்கட்டளை ஒன்றின் நடமாடும் எக்ஸ்ரே நிலையம். இழுவை லாரியின் முதுகிலுள்ள வட்டத் தட்டில் முன்பகுதியைச் சாய்த்துக்கொண்டு, பின்பகுதியை எட்டுச் சக்கரங்களில் சுமந்துவரும் நீண்ட பெட்டி அது. முக்கூடல், வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று ஆற்றோர ஊர்களுக்குப் போய், பீடி சுற்றும் பெண்களின் நெஞ்சைப் படமெடுத்துத் திரும்பும். ஐம்பத்திரண்டு வயதுப் பூதத்தானுக்கு அதில் இரண்டு வேலைகள். வழியில் டயர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊர் சேர்ந்ததும் பெட்டியை மட்டமாக நிறுத்த வேண்டும்.

பள்ளிக்கூட மைதானம் எதுவும் மட்டமாக இருப்பதில்லை. பெட்டியின் தரையில் எவர்சில்வர் தட்டொன்றை வைத்து, விளிம்பு தொடத் தண்ணீர் ஊற்றுவார். எந்தப் பக்கம் வழிகிறதோ அந்தப் பக்கத்துச் சக்கரங்களுக்கு முன் பலகைகளைப் போட்டு, “பைய... பைய... அங்கனயே நில்லு” என்று லாரியை நகர்த்தி ஏற்றச் செய்வார். பிறகு சக்கரங்களுக்கு அடைகட்டை கொடுப்பார். அதன் பின்னரே முன்னிருக்கும் ஊன்றுகால்களை இறக்கி, லாரியைக் கழற்றி, முன்பின் மட்டம் பார்ப்பது. இந்த வரிசை மாறக்கூடாது. மாறினால் லாரி விலகிய கணத்தில் பெட்டி பள்ளத்தைத் தேடிப் புறப்பட்டுவிடும். இருமிக்கொண்டே படியேறும் பெண்கள், கால் வைத்த தரை ஆடாததை ஒருபோதும் கவனிப்பதில்லை. அதுவே தனக்குச் சம்பளம் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

மட்டம் பார்க்கும் பழக்கம் வண்டியோடு நிற்பதில்லை. தேநீர்க் கடையில் உட்காரும் முன் பெஞ்சின்மேல் தண்ணீர்த் தம்ளரை வைத்துப் பார்ப்பார். சரிந்திருந்தால் சிகரெட் அட்டையை மடித்துக் காலுக்கடியில் செருகிய பிறகே தேநீர் சொல்வார். ஓட்டத்தின் நடுவில் வண்டி நிற்கும்போதெல்லாம் ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் புறங்கையை வைத்து எடுப்பார். “என்ன அண்ணாச்சி, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுட்டா?” என்பான் பெருமாள்ராஜ். ஒரு டயர் மற்றவற்றைவிடச் சுட்டால், அது ஆறும் வரை வண்டி நகராது. யார் அவசரப்படுத்தினாலும் அவர் காதில் ஏறாது.

1993 மே 12 வரை அவர் வேறு மாதிரி இருந்தார். கோடையில் டயர் சூடேறிப் பருத்தால் வெடித்துவிடும். ஆகவே நடுவழியில் நிறுத்திக் கொஞ்சம் காற்றை இறக்கிவிட வேண்டும். அன்றைக்கு அவருக்குத் தெரிந்த எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். மற்றவர்கள் சோம்பலால் தவறவிடுவதை அவர் தவறவிட்டதில்லை. அன்று பத்தமடைப் புளியமரங்களின் நிழலில் வண்டியை நிறுத்தி, வலப்பக்கத்து நான்கு டயர்களிலும் காற்றை இறக்கினார். நேரத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

சேரன்மகாதேவியைத் தாண்டிய வளைவில் வலப்பக்க டயர் ஒன்று வெடித்தது. அப்போதைய ஓட்டுநர் வைத்தியலிங்கம் திடுக்கிட்டுப் பிரேக்கை அழுந்த மிதித்தார். பின்னால் வந்த பெட்டி லாரியைத் தள்ளி மடங்கிக்கொண்டு வாய்க்கால் கரையில் சாய்ந்தது. முன்னிருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த உதவியாளர் மாரித்தாய் அங்கேயே இறந்துபோனாள். படமெடுக்க வரும் பெண்களை வரிசையில் நிறுத்தி, பயந்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு உடன் நிற்பது அவள் வேலை.

விசாரணை அறிக்கை இரண்டு பக்கம். வைத்தியலிங்கத்தின் கவனக்குறைவே காரணம் என்று முதல் பக்கத்தில் இருந்தது. அவருக்கு வேலை போயிற்று. காலையிலும் பகலிலும் டயர்களைத் தவறாமல் சோதித்த பூதத்தானின் பொறுப்புணர்வு இரண்டாம் பக்கத்தில் பாராட்டப்பட்டிருந்தது.

இரண்டு வருடம் அந்தப் பாராட்டோடுதான் இருந்தார். 1995இல் டயர் மாற்ற அகமது மீரானின் கடைக்குப் போனார். காயல்பட்டினத்துக்காரரான மீரான், சவூதியின் தம்மாமில் பதினோரு வருடம் நீளவண்டி ஓட்டிவிட்டுப் பேட்டையில் கடை போட்டவர். பேச்சுவாக்கில், கோடையில் தான் காற்றை இறக்கும் முறையைப் பூதத்தான் சற்றுப் பெருமையாகவே விளக்கினார். மீரான் கையிலிருந்த நெம்புகோலைக் கீழே வைத்தார்.

“அப்படிச் செய்யாதீக அண்ணாச்சி. சூட்டுல காத்து ஏறத்தான் செய்யும். டயர் அதைத் தாங்கும். நீங்க இறக்கி விட்டா அது பட்டினி. தொங்கிப்போய், ஓடுத ஓட்டத்துல பக்கம் மடங்கி மடங்கி இன்னும் கொதிக்கும். வெடிக்குதது வயிறு நெறஞ்ச டயர் இல்ல, பட்டினி கெடக்குத டயருதான்.”

பூதத்தான் டயர் மாற்றாமலே திரும்பிவந்தார். மறுநாள் போய்க் காற்றுமானி ஒன்று வாங்கினார்.

அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிற்றுக்கிழமை, 1993ஆம் ஆண்டின் நோட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு தச்சநல்லூருக்குப் போகிறார். வைத்தியலிங்கம் இப்போது அரிசி ஆலைகளுக்குக் கிழிந்த சாக்குத் தைத்துக் கொடுக்கிறார். நாலு வருடமாக எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் அவர் தொடவில்லை. பெஞ்சில் உட்காரும்போது வலது காலை மடக்கித் தொடைக்கடியில் மறைத்துக்கொள்வார். சென்ற மாதம் அவரே கேட்டுவிட்டார்.

“பையில என்னவே? மாசாமாசம் கொண்டு வாரீரு, கொண்டு போறீரு.”

“அந்த வருசத்து நோட்டு.”

“அன்னைக்கு உள்ளதும் இருக்கா? எனக்குக் கண்ணாடி மூக்குல நிக்க மாட்டேங்கு. நீரே படியும்.”

பூதத்தான் பக்கத்தைப் புரட்டி எடுத்தார். காலை ஐந்து ஐம்பதுக்குச் சக்கரங்களைத் தட்டிப் பார்த்த குறிப்புகளை ஒவ்வொன்றாக, இடது வரிசை, வலது வரிசை என்று வாசித்தார். அடுத்த வரியும் அவருடைய கையெழுத்துத்தான். ‘பகல் 12.40. பத்தமடை. வலப்பக்கம் நாலிலும் சூடு. காற்று இறக்கியது.’ அதன் கீழே விரல் நின்றது.

“பெறவு?” என்றார் வைத்தியலிங்கம்.

“பகல்லயும் பாத்திருக்கேன். எல்லாம் சரின்னு போட்டிருக்கு.”

வைத்தியலிங்கம் சிறிது நேரம் ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தார், முடியவில்லை. தொடைக்கடியிலிருந்து வலது காலை வெளியே எடுத்து நீட்டினார்.

“அப்பம் இந்தக் காலுதாம்வே அவளைக் கொன்னிருக்கு. நானும் ஒருவேளை டயர்ல ஏதும் இருக்குமோன்னு நெனச்சுக்கிட்டே கெடந்தேன்.”

அவருடைய மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பூதத்தான் தம்ளரைத் தமக்கும் வைத்தியலிங்கத்துக்கும் இடையில் பெஞ்சின்மேல் வைத்தார். தண்ணீர் ஒரு பக்கமாக ஏறி நின்றது. நோட்டின் அந்தப் பக்கத்தைத் தையலோரமாகக் கிழித்தார். நான்காக, எட்டாக மடித்துத் தரையில் முழங்காலிட்டார். வைத்தியலிங்கம் உட்கார்ந்தபடியே இருக்க, பெஞ்சைத் தோளால் நெம்பித் தூக்கி, குட்டைக்காலுக்கு அடியில் அந்தக் காகிதத்தைச் செருகினார். பிறகு எழுந்திருக்காமல், தம்ளரின் விளிம்புக்குக் கண்ணைக் கொண்டுபோய், தண்ணீர் அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.