அறுபது என்று காட்டிய ஐம்பத்தொன்பது

1. எண்களுக்கு முடி வெட்டியது

குன்னூரில் தேயிலை விவசாயிகளுக்கான ஒரு சின்ன ஆய்வு அலுவலகம். அங்கே நான் புள்ளிவிவர உதவியாளராகச் சேர்ந்து மூன்றாவது வாரம். கோவைக்காரியான எனக்குக் குளிரும் புதிது, புரோகிராமும் புதிது.

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. விற்காத தூள் மூட்டை மூட்டையாகத் தேங்கவே, ஒரு ஃபேக்டரி கறாராகச் சொல்லிவிட்டது: ஐந்து வார சராசரியில் நூற்றுக்கு அறுபது பங்காவது நல்ல கொழுந்து இருக்கிற குழுவிடம்தான் இனி இலை எடுப்போம். வாராவாரம் மாதிரி எடுத்து, பிரித்து, எடை போட்டு, சீட்டு எழுதித் தருவது எங்கள் ஆட்கள். கம்ப்யூட்டரில் ஓட்டுவது நான்.

என் மேலதிகாரி சிவசாமி சார் முதல் பிரிண்ட்டைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஏனுங்க அம்மிணி, புள்ளிக்குப் பின்னால இத்தன நம்பரு எதுக்குங்க? ரயில் பொட்டியாட்டம் நீண்டுட்டே போகுது. முழுசா, லட்சணமா இருக்கோணும்."

உற்சாகத்தில் நான் இரண்டு வேலை செய்தேன். டேட்டா உள்ளே வரும்போதே 'இன்ட்' ஃபங்ஷன் போட்டேன். அது தசமத்தை வெட்டி எறிந்துவிடும். கடைசியில் பிரிண்ட்டுக்கு ஒரு ஃபார்மேட் கொடுத்தேன். அது சராசரியை அருகிலுள்ள முழு எண்ணாகக் காட்டும். தாள் பளிச்சென்று வந்தது. சார் டீயோடு தின்ன ஊட்டி வர்க்கி வாங்கிக் கொடுத்தார். நான் மிதந்தேன்.

2. நடுவட்டத்திலிருந்து எட்டுப் பேர்

பட்டியலை ஃபேக்டரிக்கு அனுப்பிவிட்டு, ஒரு நகலை எங்கள் போர்டிலும் ஒட்டினோம். மறுநாள் காலை பஸ்ஸில் எட்டுப் பெண்கள் வந்து இறங்கினார்கள். முன்னால் நின்றவர் செல்லம்மா, நடுவட்டம் குழுவின் தலைவி. இலங்கைத் தோட்டத்தில் பிறந்து சின்ன வயதில் இங்கே வந்தவர்.

"தங்கச்சி, ஃபேக்டரி தொரமார் அறுபது கேட்டாங்க. நீங்களும் எங்களுக்கு அறுபதுன்னுதான் போட்டிருக்கீங்க. பக்கத்துல 'தகுதி இல்லை'ன்னும் போட்டிருக்கீங்களே, அது என்னா?"

உள்ளே போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் வைத்திருந்த எண் 59.6. ஃபார்மேட் அதை அறுபதாகக் காட்டியது, அவ்வளவுதான். தகுதி பார்த்தது உள்ளே இருந்த எண்ணை வைத்து.

"அக்கா, நெசமா உங்களுது அம்பத்தொம்பது புள்ளி ஆறுதானுங்க" என்றேன்.

"இருக்கவே இருக்காது!" செல்லம்மா ஒரு பிளாஸ்டிக் பையைத் திறந்து எங்கள் ஆட்கள் கொடுத்த ஐந்து சீட்டுகளையும் மேசையில் வரிசையாக அடுக்கினார். எட்டுப் பேரும் என் நாற்காலியைச் சூழ்ந்துகொண்டு ஒரே குரலில் வாசித்தார்கள்: "அறுபது புள்ளி எட்டு! அம்பத்தெட்டு புள்ளி ஒம்பது! அறுபத்தொண்ணு புள்ளி நாலு! அம்பத்தொம்பது புள்ளி ஏழு! அறுபது புள்ளி ரெண்டு!"

சராசரியைத் தட்டினேன். 60.2.

ஒவ்வொரு வார எண்ணிலும் நான் வெட்டி எறிந்த துணுக்குகள் சேர்ந்து ஒரு குழுவையே வெளியே தள்ளியிருந்தன. சாரிடம் போய், "தப்பு என்னோடதுங்க சார்" என்றேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

சார் கடிகாரத்தைப் பார்த்தார். "ஃபேக்டரிக்காரங்க மத்தியானம் ஒரு மணிக்கு இலை எடுக்கற லாரி ரூட்டு போட்டுருவாங்க. அழுவறத அப்பறம் வெச்சுக்கலாம், மொதல்ல எல்லாத்தயும் திருப்பி ஓட்டுங்க!"

இன்ட்டைத் தூக்கினேன், ஒரு தசமம் காட்டச் சொன்னேன், ஓட்டினேன். நடுவட்டத்தோடு இன்னும் இரண்டு குழுக்கள் தேறின. ஃபேக்டரியின் குன்னூர் ஆபீஸுக்கு ஃபோன் போட்டால் எங்கேஜ்டு. தாளைப் பிடுங்கிக்கொண்டு தொந்தியும் மஃப்ளருமாகச் சார் இறக்கத்தில் ஓட ஆரம்பித்தார். பின்னால் நான். எனக்குப் பின்னால் எட்டுப் பெண்கள்.

ஸ்டேஷன் பக்கத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. மலை ரயில் தன் வழக்கமான நிதானத்தில் வந்தது. "இதக் காட்டியும் நம்ம தோட்டத்து அட்டை வேகமா ஊரும்!" என்று ஒரு பெண் கத்த, மூச்சு வாங்க நின்ற அத்தனை பேருக்கும் சிரிப்பு பீறிட்டது. ஜன்னலோரம் இருந்த டூரிஸ்டுகள் எங்களுக்குத்தான் டாட்டா காட்டினார்கள். சாரும் பதிலுக்குத் தாளை ஆட்டினார்.

ஃபேக்டரி மேனேஜர் எங்களைக் கண்டு எழுந்தே விட்டார். "ஏனுங்க சார், ஊர்வலமுங்களா?"

"அறுபது... புள்ளி... ரெண்டுங்க!" என்றார் சார். அதற்கு மேல் அவருக்கு மூச்சில்லை.

மணி பன்னிரண்டு ஐம்பது. மேனேஜர் சீட்டுகளையும் தாளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, லாரி ரூட்டில் நடுவட்டத்தையும் மற்ற இரண்டு குழுக்களையும் எழுதினார். செல்லம்மா என்னை இடுப்போடு கட்டித் தூக்கிவிட்டார்.

3. புள்ளி ஒன்று குறைந்தவர்

புதிய பட்டியலில் ஒரு குழு 59.9. மாலையில் அதன் தலைவர் சண்டைக்கு வந்தார். சார் என்னைப் பார்த்தார். நான் ஐந்து வார எண்களையும் தசமத்தோடு அவர் முன் வைத்தேன். மனிதர் விரல் வைத்து வாசித்துக்கொண்டே போய், நான்காவது வாரத்தில் நின்றார்.

"இந்த வாரம் நான் ஊருல இல்லீங்க. எம் மச்சான்தான் இலை எடுக்க வெச்சான். முத்தின இலையா வாரிப் போட்டிருக்கான் பாருங்க!" எங்களை விட்டுவிட்டு மச்சானைத் தேடிக்கொண்டு போனார்.

இப்போது புரோகிராம் எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உள்ளே எண்ணை வெட்டாதீர்கள், முழுசாக வைத்திருங்கள். சுருக்குவதைக் கடைசியில், காட்டும் இடத்தில் மட்டும் செய்யுங்கள். தீர்ப்பு எந்த இலக்கத்தில் நிற்கிறதோ, அந்த இலக்கம் தாளில் தெரியட்டும். வெறும் அறுபது என்று போட்டிருந்தால் அந்த மனிதர் எங்கள் கழுத்தைப் பிடித்திருப்பார். 59.9 என்று போட்டதால் சரியான கழுத்து எது என்று அவருக்குத் தெரிந்தது.